முத்திரை குத்தாத கடிதம்

நான் முதலில் வேலை பார்த்த பிரதேச செயலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பதுளை மாவட்டத்தில் இருக்கிறது. பதுளை டவுனில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர இரண்டு மணி நேரம் எடுக்கும். அதற்கு மேல் தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நடந்த பிழைக்கு நான்தான் பொறுப்பு.

வீட்டிலிருந்தே படித்து அரசியல் விஞ்ஞானத்தில் வெளிவாரிப் பட்டம் எடுத்து, பல வருடங்கள் காத்திருந்து, அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்று அங்கே போனேன். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் மக்களுக்கு அடிப்படை உரிமைகளை விளக்கும் வேலையும் என்னிடம் வந்தது. மற்றவர்களிடம் அதைப் பற்றிச் சலித்துக்கொள்வேன். உள்ளுக்குள் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பிடித்ததற்குக் காரணம் அம்மா. அவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து, என்னையும் பெற்ற பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. தோட்டத் தமிழர்களுக்கு அரசாங்கம் பிரஜாவுரிமையை மறுத்திருந்ததால், அதுவரை அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. மனிதர்களின் உரிமைகள் அரசாங்கம் பார்த்துக் கொடுத்தவை அல்ல, பிறக்கும்போதே உடன் வருபவை, அவற்றைக் காப்பதற்குத்தான் மனிதர்கள் அரசாங்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள் என்ற பாடத்தைப் பரீட்சைக்காகப் படித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். பத்திரம் வருவதற்கு முந்தின நாளும் அவர் அதே மனுஷிதானே? அந்தப் பத்திரத்தில் என்ன இருந்தது, அவரிடம் ஏற்கெனவே இல்லாதது? அன்று பாடப்புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எதையோ எழுதினேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழ் வரும் தோட்டமொன்றுக்கு நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில்தான் கூட்டம். சுவரில் பழங்களின் படங்கள், தரையில் பாய். பெண்கள்தான் அதிகம். ஆண்கள் வாசலில் நின்றார்கள். நான் கொண்டுபோன விளக்கத்தாள்கள் சிங்களத்தில் இருந்தன. அவற்றைப் பையிலேயே வைத்துவிட்டு, வாயால் பேசினேன்.

"உரிமையை யாரும் ஒங்களுக்குக் குடுக்கல. அது ஒங்க கூடவே பொறந்தது. அதைக் காப்பாத்தத்தான் அரசாங்கம் இருக்கு. அரசாங்கம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கிறதுதான் அரசியலமைப்பு. அதுக்கு மேல யாரும் இல்ல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கேட்ட பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆண்கள் போடும் பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார்.

"மந்திரியும் அதுக்குக் கீழதானா மிஸ்?"

"ஆமா அக்கா."

"ஒங்க ஆபீஸ் பெரிய ஐயா?"

"அவரும்தான்."

"நீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நானும்தான் அக்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கிண்டலுக்காக அவர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு, உரிமையை மீறினால் யாரிடம் போவது என்று கேட்டார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் மீறினால் நேராக உயர் நீதிமன்றத்துக்கே போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்றேன். "ஒரு மாசமா?" என்று திருப்பிக் கேட்டார். "ஆமா, ஒரு மாசம்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் அதை மெதுவாகச் சொன்னார்.

அந்த அக்காவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன என்பதையும், ஒரே மகள் கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை செய்கிறாள் என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான கீழ் லயத்துக்குப் பின்னால் மண் மேட்டில் வெடிப்பு விழுந்தது. வந்து பார்த்த அதிகாரிகள் அந்த லயம் முழுவதையும் அபாய வலயம் என்று குறித்துவிட்டுப் போனார்கள். ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். வெடிப்பு விழுந்த லயத்தில் குடியிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு இடத்தில் ஏழு பேர்ச் காணியும் வீடும் கொடுப்பதாக முடிவானது. பெயர்ப் பட்டியலைத் தயாரித்தபோது நானும் கூடப் போனேன். அந்த அக்காவின் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு மேலிருந்து திருத்திய பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. வெடிப்பு விழாத மேல் லயத்திலிருந்து ஒரு குடும்பத்தின் பெயர் அந்த இடத்தில் இருந்தது. தோட்டத்து மருந்துக் கொட்டகைச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். அதைப் படித்துவிட்டு நான்காம் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார்.

அதே பச்சைக் கம்பளிச் சட்டை. அடையாள அட்டையையும் முதல் பட்டியலின் பிரதியையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"யாருக்குக் குடுத்தாங்கன்னு நான் கேக்கல மிஸ். அவுங்களும் கஷ்டப்பட்டவுங்கதான். என் பேரு ஏன் போச்சு? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

அவரை வாங்கில் உட்கார வைத்துவிட்டு மேலதிகாரியின் அறைக்குப் போனேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர். என்னை 'நங்கி', தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். தன் வீட்டுத் தோட்டத்து வெண்ணெய்ப் பழங்களைப் பையில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். பட்டியலை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டியல் மேலிருந்து வந்தது, தனக்கு ஒன்றும் தெரியாது, இரண்டாம் கட்டம் ஒன்று வரும்போது பார்க்கலாம், பொறுக்கச் சொல்லுங்கள் என்றார். சிங்களத்தில் அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அவருடைய மேசையில், அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில், பதுளைக்கு மாற்றம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் இருந்தது. அவருடைய சிபாரிசு இன்னும் எழுதப்படவில்லை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. காலையில் அவள் எழும்புவதற்கு முன் நான் கிளம்ப வேண்டும். நான் திரும்பும்போது சாப்பிட்டு முடித்து, என்னைக் கண்டுகொள்ளாமல் விளையாடிக்கொண்டிருப்பாள். கோபத்தில்தான் அப்படிச் செய்கிறாள் என்று கணவர் சொல்வார். அந்த விண்ணப்பத்தைத் தவிர வேறு எதையும் அந்த அறையில் நான் பார்க்கவில்லை என்றே சொல்லலாம்.

வெளியே வந்தேன்.

"அக்கா, அடுத்த கட்டத்துல தருவாங்களாம். கொஞ்சம் பொறுங்க."

"அது எப்ப மிஸ்?"

"திகதி இன்னும் சொல்லல."

அவர் யோசித்தார். "அன்னிக்கு ஒரு மாசம்னு சொன்னீங்களே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். இதைப் பின்னால் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற உறுப்புரையை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். காரணம் சொல்லாமல் ஒருவரின் பெயரை வெட்டுவது அதற்கு விரோதம் என்பது தெரியும். கொழும்புக்குப் போக முடியாதவர்கள் மனித உரிமை முறைப்பாடு எடுக்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், பதுளையிலேயே அது இருக்கிறது, அங்கே கொடுத்தால் அந்த ஒரு மாதக் கெடு ஓடாமல் நிற்கும் என்பதும் தெரியும். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

"அது பெரிய பெரிய விஷயங்களுக்கு அக்கா" என்றேன். "லோயர் வைக்கணும், கொழும்புக்கு அலையணும். இது சின்ன விஷயம், இங்கேயே பேசி முடிச்சிடலாம்."

"வீடு சின்ன விஷயமா மிஸ்?"

சண்டைக்கு வருகிற குரல் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவளிடம் கேட்கும் குரல். அவர் பொலித்தீன் பையைச் சுருட்டிக்கொண்டு, "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது தடவை அவர் வந்தபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. கொப்பித் தாளில் அவரே எழுதியது. எழுத்துகள் பெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கியிருந்தன. பிறந்ததிலிருந்து அந்த லயத்தில் இருப்பதாகவும், முதல் பட்டியலில் பெயர் இருந்ததாகவும், இரண்டாவதில் இல்லை என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி இன்னும் நினைவில் இருக்கிறது: 'நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்கு அறியத் தரவும்.'

எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் கையில் கிடைத்தால் அதில் திகதி முத்திரை குத்த வேண்டும். குத்தினால் பதிவுப் புத்தகத்தில் ஏறும். ஏறினால் யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும். முத்திரை என் மேசையிலேயே, பேனாக்கள் போட்ட குவளைக்குப் பக்கத்தில் இருந்தது.

"சீல் அடிக்கிறது இல்லையா மிஸ்?"

"பெரிய ஐயாகிட்ட காட்டிட்டு அடிக்கிறேன் அக்கா."

காட்டவில்லை. மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை உள்ளே வைத்து மூடினேன். நாளைக்கு, திங்கட்கிழமைக்கு என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் வீட்டில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியர், நிதானமான மனிதர்.

"நீங்கதான் எழுதிக் குடுக்கச் சொன்னீங்கன்னு பெரியவர் நினைச்சா மாற்றம் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அப்ப மாற்றம் வரட்டும். வந்த பிறகு அந்த அம்மாவுக்குச் செய்யலாம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் அவரிடம் போனேன்.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது பட்டியல் ஒட்டி ஏழு வாரம் ஆகிவிட்டது. அலுவலகத்துக்குள் வரவில்லை. மதியம் நான் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். பதுளைக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் நல்ல மாதிரி, பணம் கேட்கவில்லை, ஆனால் நேரம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம்.

"'இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்க? இங்க பதுளையிலாவது எழுதிக் குடுத்திருக்கலாமே'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"எனக்கு வெவரம் தெரியாதுன்னு சொன்னேன்." பஸ் வருகிறதா என்று பார்த்தார். "ஒங்க பேரச் சொல்லல மிஸ்."

எதற்காக என்னைக் காப்பாற்றினார் என்று தெரியவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒன்று படித்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். பஸ் வந்தது, ஏறினார். நான் சாப்பாடு வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் எனக்கு மாற்றம் கிடைத்தது. கடைசி நாள் லாச்சியை ஒழித்தபோது அந்தக் கடிதம் கையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போய், வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நங்கி, இது எப்போது வந்தது?"

சொன்னேன்.

"ஏன் பதியவில்லை? எழுத்தில் வந்திருந்தால் நான் மேலே அனுப்பியிருப்பேன். அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்."

"நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நினைத்தேன் சேர்."

"நான் எப்போது அப்படிச் சொன்னேன்?"

அவர் சொல்லவில்லைதான். பொறுக்கச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். கடிதத்தை எடுக்காதே என்றோ, அந்தப் பெண்ணுக்கு வழி சொல்லாதே என்றோ எனக்கு யாரும் கட்டளை இடவில்லை. உண்மையிலேயே அவர் அதை மேலே அனுப்பியிருப்பாரா, அந்த நேரத்தில் நல்லவராக இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்ததா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அந்த யோசனையால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. அவருக்கு அனுப்பவோ மறுக்கவோ சந்தர்ப்பமே கொடுக்காதவள் நான். அதிகாரத்துக்கு எல்லை போடுவதுதான் அரசியலமைப்பின் வேலை என்று பிள்ளை மடுவத்தில் பேசினேன். அதிகாரம் என்றால் எங்கேயோ கொழும்பில், கொடி போட்ட வாகனத்தில் இருப்பது என்றுதான் என் மனதில் இருந்தது. என் மேசையில் இருந்த ஒரு மர முத்திரையும் அதிகாரம்தான், அதைக் குத்தாமல் விட்டதும் ஒரு ஆட்சிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று அவர் அந்தக் கடிதத்தில் அன்றைய திகதியைப் போட்டு, ஒரு குறிப்பெழுதி மேலே அனுப்பினார். பதில் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பதுளை அலுவலகத்தில் எனக்கு நல்ல வேலை. மகள் பாலர் பள்ளி விட்டு நேராக என்னிடம் வருவாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் என் மடியில் உட்கார்ந்து படம் கீறும்போது சில சமயம் அந்தக் கடிதத்தின் பெரிய எழுத்துகள் நினைவுக்கு வரும். ஒரு வருடம் கழிந்த பிறகுதான் அந்தத் தோட்டத்துக்குப் போகத் துணிவு வந்தது. கணவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

புதிய வீடுகள் வரிசையாக இருந்தன, நீலக் கூரை, முன்னால் ரோஜாச் செடிகள். அவர் அங்கே இல்லை. மேல் லயத்தில் தங்கச்சி வீட்டுக் குசினியில் பாதியைப் பலகையால் மறைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ ஊற்றினார். நான் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"அக்கா, அன்னிக்கு சின்ன விஷயம்னு நான் சொன்னது பொய். எனக்கு எல்லாம் தெரியும். மாற்றம் கிடைக்காம போயிடும்னு பயந்துதான் சொல்லல. ஒங்க கடுதாசியையும் லாச்சிக்குள்ளதான் போட்டு வச்சிருந்தேன்."

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த இரண்டும் நடக்கவில்லை. அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"நான் என்னைத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன் மிஸ்" என்றார். "சரியாக் கேக்கத் தெரியாம விட்டுட்டேன்னு. மககிட்ட கூட அப்படித்தான் சொன்னேன். ஒரு வருசம்."

வீட்டை அவரிடமிருந்து எடுத்தது யாரோ. அந்த ஒரு வருடத்தை எடுத்தது நான்.

அடுப்பிலிருந்து திரும்பி அவரே கேட்டார், "இப்ப எழுதினா எடுப்பாங்களா?"

வழக்குக்கு நேரம் போய்விட்டது, ஆனால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம், அதற்குப் பதில் கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார், நான் எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேரும் என் பழைய அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி கவுண்டரில் இருந்தாள். பிரதியிலும் திகதி முத்திரை குத்தும்வரை அந்த அக்கா கவுண்டரை விட்டு நகரவில்லை.

பதில் சிங்களத்தில் வந்தது. பதுளைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வைத்து அதை அவருக்குத் தமிழில் சொன்னேன். முதல் பட்டியலில் அவர் பெயர் இருந்ததும் இரண்டாவதில் இல்லாததும் உண்மை. நீக்கியதற்கான காரணம் எதுவும் அலுவலகக் கோப்பில் பதிவாகவில்லை. அவ்வளவுதான்.

"காரணமே இல்லையா?"

"இல்ல அக்கா."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் கண் கலங்கியது அப்போதுதான். காரணம் ஒன்று இருந்திருந்தால் அதோடு மல்லுக்கட்டியிருக்கலாம். வெறுமையோடு என்ன செய்வது? அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் முன்பு பார்த்த அதே சட்டத்தரணி அமைச்சுக்கு ஒரு மேன்முறையீடு எழுதிக் கொடுத்தார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நடக்கிறது என்றால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கவனிக்கப்படுவதாக ஒரு கடிதம் வரும். வந்ததும் எனக்கு அழைப்பார். நான் வாசித்துச் சொல்வேன். இரண்டாம் கட்ட வீடுகளுக்கு அடிக்கல்கூட வைக்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் என்னிடம் ஒன்றும் மறைப்பதில்லை, நானும் அவரிடம் ஆறுதலாகப் பொய் சொல்வதில்லை. நாங்கள் சிநேகிதிகள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் எங்கள் ஊவா மாகாணம் முழுக்க மழை. பாதையில் மண் சரிந்து அந்தத் தோட்டத்துப் பக்கம் பஸ் ஓடவில்லை. அழைத்துப் பார்த்தேன். மேல் லயத்துக்குப் பின்னாலும் மேடு வெடித்திருக்கிறதாம். எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டார்களாம். பின்னால் குழந்தைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

"யாராச்சும் வந்து பேரு எழுதினாங்களா அக்கா?"

"ஒரு சின்னப் பொண்ணு வந்திருக்கா மிஸ். எழுதிக்கிட்டு இருக்கா" என்றார். "இருங்க, என் மொறை வருது."

அழைப்பைத் துண்டிக்காமலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் தன் பெயரையும், அப்பா பெயரையும், லயத்தின் இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வது கேட்டது.